கண்மாயில் நான் விட்ட மீன்

எங்கள் ஊர்க் கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டவன் நான். மீன்பாசிக் குத்தகை எடுத்திருந்தவர் விடவில்லை. அவர் தலையில் ஊர் ஏற்றிய பழி என்னுடையது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. தடை செய்யப்பட்ட மீன் என்று தெரிந்துதான் வாங்கினேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இரவில் விட்டேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அவரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டபோது அதே கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், உண்மையைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

ஊர், சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிப் பக்கம். பெயரை எழுதவில்லை, குத்தகைக்காரரின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் குடும்பத்தின் பேர் மறுபடியும் தெருவில் அடிபட வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்தக் கண்மாயும் தனியாக இருப்பதில்லை. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக எங்களுக்கு வரும். எங்களுடையது நிரம்பினால் கலுங்கு தாண்டி அடுத்த ஊருக்குப் போகும். தண்ணீர் போகிற வழியெல்லாம் மீனும் போகும். இதைப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கண்ணால் பார்த்து அறிந்தவன் நான். அதை அறிந்த ஒருவன் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன்.

தூண்டில் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமா. பகலில் கெண்டைக்குப் போடுவோம். அது சிறுபிள்ளை விளையாட்டு. பொழுது சாய்ந்த பிறகுதான் கெளுத்தி. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டை நறுக்கிச் செய்த தக்கை, சின்னதாக ஒரு ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு. புழுவை முள் தெரியாமல் கோத்து, வாலை மட்டும் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். மடைக்குப் பக்கத்தில், இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்குத் தக்கையை ஏற்றிக் கட்டுவார் மாமா. கெளுத்தி தரையை மீசையால் தடவிக்கொண்டே வருகிற மீன். கண்ணைவிட மீசையைத்தான் நம்பும். கலங்கல் தண்ணீரோ இருட்டோ அதற்குப் பொருட்டில்லை. கெண்டை தக்கையைக் கொத்திக் கொத்தி ஆட்டும். கெளுத்தி எடுத்தால் தக்கை லேசாகச் சாயும், பிறகு ஒரே சீராக ஒரு பக்கமாக நகரும். நகரத் தொடங்கிய பின்புதான் சுண்ட வேண்டும். முந்தினால் வெறும் முள் வரும். பிந்தினால் முள்ளை வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும்.

கரைக்கு வந்ததைக் கையில் பிடிப்பது தனிப் பாடம். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு முள். மூன்றையும் விறைத்துக்கொண்டு கிடக்கும். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் பக்கமுள் இரண்டுக்கும் பின்னால் கொடுத்து, வயிறு உள்ளங்கையில் படும்படி அடியிலிருந்து ஏந்த வேண்டும். ஏந்தியதும் கிர்ர் கிர்ர் என்று சத்தம் கொடுக்கும். அது தொண்டையிலிருந்து வருவதில்லை. பக்கமுள்ளின் அடிக்கணு அதன் குழியில் உரசுகிற சத்தம். எவ்வளவு பழகியவனையும் என்றாவது குத்திவிடும். குத்தினால் தோள்பட்டை வரை கடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கி வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். தேளி குத்தினால் இன்னும் கொடுமை; அதன் முள்ளில் நல்ல விஷம் உண்டு. தேளியை மாமா என்னைத் தொடவே விட்டதில்லை.

கெளுத்திக்குச் செதில் இல்லை, தோல் மேல் வழுவழுப்புத்தான். அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கல்லில் தேய்த்து அம்மா கழுவுவார். கிளிமூக்கு மாங்காய் போட்டுப் புளிக்குழம்பு. மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பு கிடைத்துவிட்டால் வேறெதுவும் வேண்டியதில்லை. ஒரு சாண் நீளம் இருந்தாலே எங்களுக்கு அது பெரிய கெளுத்தி.

அந்த ஒரு சாண் மீன் எனக்குப் போதாமல் போனதுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

மலேசியாவில் ஜொகூர் பாருவுக்கு அருகே சில ஆண்டுகள் தொழிற்சாலை வேலை பார்த்தேன். அங்கே கெளி என்று ஒரு மீன், சாப்பாட்டுக் கடைகளில் முழுசாகப் பொரித்து வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அந்த நாட்டுக் குளங்களில் பெருவாரியாக வளர்க்கப்படுகிற கெளுத்தி அது. கறுத்த உடம்பு, தட்டையான எலும்புத் தலை, நான்கு ஜோடி மீசை, முதுகு நெடுக வால்வரை ஓடுகிற துடுப்பு. காசு கட்டித் தூண்டில் போடுகிற குளங்களும் அங்கே உண்டு. விடுமுறை நாளில் கூட வேலை செய்தவர்கள் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். ரீல் கம்பு, தடித்த நரம்பு, கோழிக்குடல் இரை. முதல் மீன் இழுத்தபோது கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீலிலிருந்து நரம்பு உருவிக்கொண்டு போனது. கை நடுங்கியது. கரையேற்றியபோது என் முழங்கையிலிருந்து விரல்நுனியைத் தாண்டி நீளம் இருந்தது. அன்று முதல் எனக்கு அதே நினைப்பு.

2013இல் ஊர் திரும்பினேன். ரீல் கம்பையும் கொண்டுவந்தேன். அந்தக் கம்பில் எங்கள் ஊர்க் கெளுத்தி மாட்டினால் மாட்டியதே தெரியாது. மாமா அப்போதும் மூங்கில் கம்போடு மடைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு நாள் அவர் பிடித்த கெளுத்தியைக் காட்டி, "பாத்தியா மாப்ள, சினை கட்டியிருக்கு, இதப் போயி கொழம்பு வைக்கவா" என்று சொல்லி மறுபடி தண்ணீரில் விட்டார். எனக்கு அவர் மேல் ஓர் இளக்காரம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என்னை வளர்த்த கண்மாயையும் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மனிதரையும் அந்த நேரத்தில் சிறுமையாகப் பார்த்தேன். மாமாவுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

2014 ஐப்பசியில், பண்ணைக்குட்டை வைத்திருந்த ஒருவரிடம் குஞ்சு வாங்கினேன். அவர் கோழிக்கடைக் கழிவைக் கொட்டி அந்த மீனை ரகசியமாக வளர்த்துக்கொண்டிருந்தார். குட்டையின் மேல் தகரமும் சாக்கும் போட்டு மறைத்திருந்தது. இந்த மீனை வளர்க்கக் கூடாது, இருப்பதையும் அழித்துவிட வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 1997 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எழுதிய தேதி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் தடை இருக்கிறது என்பது அன்றைக்கே தெரியும். "எங்க விடப்போறீக?" என்று அவர் கேட்டார். "எங்க கெணத்துல" என்றேன். அது முதல் பொய். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் 200 குஞ்சு கட்டிக்கொடுத்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு.

வண்டியில் வரும்போதே மனசுக்குச் சமாதானம் தேடிக்கொண்டேன். இன்றைக்கு ஊர் ஊருக்குச் சாப்பிடுகிற ஜிலேபி மீனும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே, 1952இல் அரசாங்கமே கொண்டுவந்ததுதானே என்று நினைத்தேன். குத்தகைக்காரர் வருஷாவருஷம் விடுகிற கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைக்கரை மீன்தானே என்று நினைத்தேன். இந்த நியாயங்களை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. மாமாவிடம் சொல்லியிருந்தால் ஒரே கேள்வியில் என் வாயை அடைத்திருப்பார்: ஜிலேபி வந்தபிறகு சேல்கெண்டை எத்தனை கண்மாயில் குறைந்தது என்று கேட்டிருப்பார். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை.

மடைக்குப் பக்கத்தில் பையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வாயை அவிழ்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத் தரையை நோக்கி இறங்கின. ஒன்றுகூடச் சாகவில்லை.

இந்த மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை விட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன். செவுளுக்கு மேலே கிளைகிளையாகப் பிரிந்த ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதை வைத்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். தண்ணீர் வற்றினாலும் நாறினாலும் மற்ற மீன் பெரும்பாலும் மூச்சுமுட்டிச் சாகும், இது மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போய்விடும். ஈரம் இருந்தால் சேற்றில் புதைந்து கிடக்கும். மழை இரவில் பக்கமுள்ளை ஊன்றித் தரையில் நெளிந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போய்விடும். மீன், மீன்முட்டை, தவளை, நத்தை, பூச்சி, அழுகிய பிணம் எதையும் கழிக்காது. சினை பிடித்த பெண்மீன் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புதுத்தண்ணீர் ஏறிய ஓரப் புல்லில் ஒட்டிய முட்டை ஒன்றிரண்டு நாளிலேயே பொரிந்துவிடும். எங்கள் விரால் தன் சிவப்புப் பார்ப்புகளைக் கூட்டமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கூடவே திரிந்து காவல் காக்கும். அந்தக் காவல் இருப்பதால்தான் கொஞ்சம் குஞ்சு போட்டாலும் விராலுக்கு வம்சம் தழைத்தது. காவல் நிற்கிற விராலைவிடப் பெரிய வாய் தண்ணீருக்குள் வந்துவிட்டால் அந்தக் கணக்கு தப்பிப்போகும்.

2015 கடைசியிலிருந்தே நான் பெரிய மீன் பிடிக்க ஆரம்பித்தேன். நள்ளிரவுக்கு மேல், மேற்குக் கரையில், தனியாக. பிடித்ததை வெளியூர் நண்பர்களிடம் கொடுத்துவிடுவேன். ஜொகூரில் கை நடுங்கிய அதே நடுக்கம் சொந்த ஊர்க் கரையில் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தேன். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அந்த இரவுகளில் எனக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை.

குத்தகைக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஏலத்தொகையை முன்கூட்டியே ஊருக்குக் கட்டிவிட்டு, அதற்குமேல் கடன் வாங்கிக் குஞ்சு விட்டு, தை மாசிக்குப் பிறகு வலை போட்டுப் பிடித்து விற்றுத்தான் அவர் கடனை அடைக்க வேண்டும். அந்த வருஷம் அவர் விட்ட கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் கால்வாசிகூடத் தேறவில்லை. நீர்க்காகம் தின்றுவிட்டது என்று முதலில் நினைத்தார். பிறகு யாரோ திருட்டு வலை போடுகிறார்கள் என்று நினைத்தார். ஒரு நாள் விடிகாலையில் கரையில் என்னைப் பார்த்து நின்றார்.

"தம்பி, ராத்திரியில நீங்க கரையிலதான இருக்கீக. எவனும் வலைகிலை போடுறாய்ங்களா?"

"யாரும் வரலண்ணே."

"கண்ணுல பட்டா ஒரு சத்தம் குடுங்க. குஞ்சு போட்ட காசாச்சும் வரணும்ல."

"சரிண்ணே."

என் தோளில் தொங்கிய சாக்குப்பைக்குள் இரண்டு கறுப்பு மீன் உயிரோடு அசைந்துகொண்டிருந்தது. அவர் பையைப் பார்த்தார். கேட்கவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. 2017 கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. மடைக்குழியில் மட்டும் முழங்கால் அளவு சேறும் தண்ணீரும். கெளுத்தி, கெண்டை எல்லாம் அங்கே ஒடுங்கி, கொக்குக்கும் நாரைக்கும் இரையானது போகச் செத்து மிதந்தன. கறுப்பு மீன் மட்டும் மேலே வந்து காற்று வாங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் குழிக்கரையில் நின்று பார்த்தேன். அப்போது நாலு பேரைக் கூப்பிட்டுச் சேற்றை வாரியிருந்தால், ஒரு பகல் வேலையில் மொத்தத்தையும் அரித்து எடுத்துப் புதைத்திருக்கலாம். கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது முடியாத காரியம், அந்த ஒரு கோடையில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

நான் செய்யவில்லை. சேற்றை வாரினால் என்ன மீன், எப்படி வந்தது என்று ஊர் கேட்கும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆசை: அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகினால் மறுபடி பெரிய மீன் வேண்டும். குழியில் தண்ணீர் முழுக்க வற்றிவிடக் கூடாது என்று எங்கள் கிணற்று மோட்டாரிலிருந்து ஓர் இரவு குழாய் போட்டுத் தண்ணீர்கூட விட்டேன். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் குடத்தோடு நடந்த கோடை அது. மீனை விட்டதையாவது ஆசைக்கு ஆளானவனின் அவசரம் என்று யாராவது மன்னிக்கலாம். இந்தத் தண்ணீர் விட்டதை எப்படி மன்னிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2021 பருவமழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கலுங்கில் தண்ணீர் விழுகிற இடத்தில் பையன்கள் வேட்டியைக் கட்டி மீன் பிடித்தார்கள். கறுப்பு மீன்கள் கலுங்கைத் தாண்டி ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்து, கால்வாயில் நெளிந்து போவதை அன்று பார்த்தேன். கீழே மூன்று கண்மாய்.

2022 கோடையில் மீன்பிடித் திருவிழா. வெகுகாலம் கழித்து ஊரில் அழிகண்மாய் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி, விடியுமுன்பே கரை நிறைந்துவிட்டது. ஊத்தா, கச்சா, பரி, தூரி, ஒன்றும் இல்லாதவர்கள் கொசுவலை, பழைய சேலை. அம்பலகாரர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். ஊத்தாவைத் தண்ணீருக்குள் அடித்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே மாட்டியது கெளுத்தியா, விராலா, பாம்பா என்று விரல் சொல்லும். அன்று ஊத்தாவுக்குள் விட்ட கைகளில் தட்டுப்பட்டதெல்லாம் அந்த எலும்புத் தலை. கரையில் பெண்கள் வாங்கிப் பார்த்து, "என்ன மீனுடி இது, கருங்கட்டையாட்டம்" என்று தூக்கி எறிந்தார்கள். எறிந்த மீன் வெயிலில் கிடந்தும் சாகாமல், சரிவில் நெளிந்து தண்ணீருக்கே திரும்பிப் போனது. மாமா அந்த வயதிலும் ஊத்தாவோடு இறங்கியிருந்தார். கடைசியில் வெளியே வந்து அவர் காட்டியது இரண்டு விரல் அளவில் ஒரே ஒரு நாட்டுக் கெளுத்தி. அதையும் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திருவிழா மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்துச் சொந்தபந்தத்துக்குப் பங்கு வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று ராத்திரி பல வீட்டில் மீன்குழம்பு வாசனை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் திடலில் கூட்டம். பண்ணைக்காரர்கள் லாபத்துக்காக வளர்க்கிற மீன் இது, குத்தகைக்காரர்தான் ஊரை ஏமாற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று பேச்சு எழுந்தது. குஞ்சு விடுகிற ஒரே ஆள் அவர்தான் என்பதால் சந்தேகம் வேறு பக்கம் போகவே இல்லை. அவர் எழுந்து நின்று, வாங்கிய குஞ்சுக்கெல்லாம் ரசீது இருக்கிறது என்றார். ரசீதில் இல்லாததை விட்டிருப்பீர் என்றார்கள். ஐயனார் மேல் சத்தியம் பண்ணுகிறேன் என்றார். இதற்கெல்லாம் சாமியை இழுக்காதீர் என்றார்கள். கடைசியாகச் சுற்றிலும் பார்த்து, "ராத்திரி பகலாக் கரையிலயே கெடக்குற தம்பியக் கேளுங்கப்பா, நான் எதாச்சும் கொண்டாந்து விட்டதப் பாத்துச்சான்னு" என்று என்னைக் கை காட்டினார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் பாக்கல" என்றேன்.

அந்தப் பதில் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமான பதில். 'அவர் விடவில்லை, நான் விட்டேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், கேட்டவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்துக்கொள்ள வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். கட்டியிருந்த முன்பணம் திரும்ப வராது, இனி ஏலத்தில் சேரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே நிறையக் கேட்டிருக்கிறேன். அபராதத்துக்குப் பயந்தேனா? கட்டுகிற வசதி எனக்கு இருந்தது, அவருக்குத்தான் இல்லை. போலீஸுக்குப் பயந்தேனா? அதுவும் பெரிதில்லை. வெளிநாடு போய்வந்தவன், விவரம் தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. பள்ளிக்கூட விழா என்றால் மேடையில் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒரு மனிதரைத் திருடனாக்கினேன். தோண்டிப் பார்த்தால் வேறு காரணம் எதுவும் தட்டுப்படவில்லை.

மாமா 2023இல் காலமானார். அவரிடம் சொல்லவில்லை. அதற்கு இனி வழியும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயம் என்று நாம் படித்த கேவலாதேவ் பூங்காவில் இதே மீன் புகுந்து, ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாகிவிட்டது. நம் பக்கத்துப் பெரியாறு ஏரியிலும் இருக்கிறது. ஒரு நீர்நிலையில் வேரூன்றிய பிறகு முழுக்க எடுக்க முடிந்த கதை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எங்கள் நாட்டு வாளை மீன் இன்று உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. அதற்குக் காரணம் இந்த மீன் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். அதிகப்படியாகப் பிடித்தது, கண்மாய் தூர்ந்தது, தண்ணீர் கெட்டது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் எங்கள் கண்மாயில் மிச்சம் இருந்ததை முடித்துவைத்தது என் கை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் மினி வண்டி ஓட்டுகிறார். திண்ணையில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் பேசவே இல்லை. முடித்ததும் உள்ளே போய் ஒரு குயர் நோட்டை எடுத்துவந்தார். குஞ்சு வாங்கிய கணக்கு. வருஷவாரியாக, எந்தப் பண்ணையில், எவ்வளவு குஞ்சு, என்ன விலை என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காசு ஒரு பக்கம் கெடக்கட்டும் தம்பி. களவாணி மகன்னு எம் பிள்ளைய ஸ்கூல்ல சொன்னாய்ங்க. ஒரு வருசம் அவன் பள்ளிக்கூடத்துக்கே போகல. அத என்ன நோட்டுல எழுதுறது?"

என்னிடம் பதில் இல்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. கூட்டத்துல சொல்லுங்க. எம் மகன் இருக்கும்போது சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில், அவர் மகன் முன்வரிசையில் நிற்க, சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் அடிக்க வந்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அம்பலகாரர் குத்தகைக்காரரிடம் ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்டார். முன்பணத்தை ஊரும், குஞ்சுக்கணக்கில் உள்ளதை நானும் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இரண்டு தவணை கொடுத்துவிட்டேன். மீண்டும் ஏலம் எடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். "எதுக்கு? எதப் பிடிச்சு விக்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மடைக்குழிக்குத் தண்ணீர் விட்டதை மட்டும் அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லத் துணிவு வரவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்; ஊரில் படிப்பார்கள்.

இப்போது ரீல் கம்பை வேறு காரியத்துக்கு எடுக்கிறேன். மாசிக்குப் பிறகு தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஊர்ப் பையன்கள் சிலரோடு சேர்ந்து குழிகளில் அந்த மீனைப் பிடிக்கிறோம். பிடித்ததைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. தலையில் அடித்துக் கொன்று, ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கிறோம். சினை உள்ளதை முதலில் தேடி எடுக்கிறோம். விற்பதில்லை, விற்கத் தொடங்கினால் யாருக்காவது மறுபடி வளர்க்கிற ஆசை வரும். இதனால் கண்மாய் பழையபடி ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. குட்டி நாட்டுக் கெளுத்திகள் மேல்கண்மாயிலிருந்து வரத்துக்கால் வழியாக இன்னும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை ஒரு சாண் வளர்கிறவரையாவது தாக்குப்பிடித்தால் நல்லது.

கீழ்க் கண்மாய் மூன்று ஊர்களிலும் இன்னும் சொல்லவில்லை. முதல் ஊரில் இந்த வருஷம் அவர்கள் குத்தகைக்காரர் மேல் பேச்சு எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம். போகிறேன் என்று அவர்கள் அம்பலகாரருக்குப் போனில் சொல்லிவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன், உங்கள் குத்தகைக்காரரையும் வரச் சொல்லுங்கள் என்றேன்.